தும்பை முளைத்த மண்

நூல்களில் நாம் படிக்கும் மலர்களுள் எத்தனை மலர்களை நேரில் கண்டிருக்கிறோம்? தும்பை என்னும் சிறுசெடியைத் தம் வீட்டில் வளர்க்க முயன்ற தமிழாசிரியர் ஒருவர், அம்முயற்சியில் தாம் கற்றவற்றை இக்கட்டுரையில் எடுத்துரைக்கிறார்.

வகுப்பறையில் எழுந்த வினா

2022ஆம் ஆண்டு, ஆடி மாதத்தில் ஒரு பிற்பகல். கும்மிடிப்பூண்டியை அடுத்த அரசுப் பள்ளி ஒன்றில், மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவர்களுக்குப் புறத்திணைகளை நினைவூட்டிக்கொண்டிருந்தேன். ஆநிரை கவர்தல் வெட்சி, மீட்டல் கரந்தை, மண்ணாசையால் படையெடுத்தல் வஞ்சி, அதனை எதிர்த்து நிற்றல் காஞ்சி, மதிலைக் காத்தல் நொச்சி, வளைத்தல் உழிஞை, வேந்தர் இருவர் தம் வலிமையை நிலைநாட்ட ஒரு களத்தில் எதிர்நின்று பொருதல் தும்பை, வென்றோர் சூடுவது வாகை. வகுப்பு முழுவதும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னது. தேர்வில் ஒருவரும் இதைத் தவறவிடமாட்டார்கள் என்ற மனநிறைவோடு நூலை மூடினேன்.

மூன்றாம் வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், தும்பைப் பூ எப்படி இருக்கும்?"

"சிறியதாக, வெள்ளையாக இருக்கும். தும்பைப் பூப்போல் வெளுத்த வேட்டி என்று சொல்வார்களே, கேட்டதில்லையா?" என்றேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், "தும்பை விட்டு வாலைப் பிடித்தான் என்கிறார்களே, அந்தத் தும்பையா டீச்சர்?" என்றான். வகுப்பு சிரித்தது. அது மாட்டைக் கட்டும் கயிறாகிய தும்பு. இரண்டாம் வேற்றுமை உருபு ஏற்றதால் 'தும்பை' என்று நிற்கிறது என விளக்கினேன். அந்த இடத்தில் இலக்கணம் எனக்குக் கைகொடுத்தது. ஆனால் அம்மாணவி உட்காரவில்லை.

"நீங்கள் பார்த்திருக்கிறீர்களா, டீச்சர்? எங்கே போனால் பார்க்கலாம்?"

பார்த்திருக்கிறேன். சிறுவயதில் தும்பைப் பூவை மெல்ல இழுத்தெடுத்து, அதன் அடிக்குழலை உறிஞ்சித் துளித்தேன் சுவைத்திருக்கிறேன். ஆனால் எங்கே போனால் பார்க்கலாம் என்ற வினாவுக்கு என்னிடம் விடை இல்லை. "நாளை கொண்டுவந்து காட்டுகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த 'நாளை' வருவதற்கு ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

தெருவில் இல்லாத செடி

கும்மிடிப்பூண்டி, சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த ஊர். மேற்கே ஏரிப்பாசன வயல்களும் மானாவாரிக் கொல்லைகளும், கிழக்கே பழவேற்காட்டின் உவர்நிலமும் சூழ்ந்த பகுதி. சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையும் கூடூர் இருப்புப்பாதையும் இதன் வழியே செல்கின்றன. 1971இல் தொடங்கப்பெற்ற சிப்காட் நிறுவனம் இங்கே தொழில் வளாகம் அமைத்தது. இரும்பு உருட்டாலைகள், வார்ப்பாலைகள், வேதிப்பொருள் ஆலைகள் எனப் பலவும் பெருகின.

என் தந்தையார் தமக்கிருந்த மூன்று ஏக்கர் மானாவாரி நிலத்தை விற்றுவிட்டு, ஆலை ஒன்றில் வாயிற்காவலராகச் சேர்ந்தவர். வானத்தைப் பார்த்திருந்த குடும்பத்துக்கு மாதம் தவறாமல் சம்பளம் வந்தது. அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆசிரியப் பயிற்சி முடித்தேன். ஆகவே ஆலைகளைப் பழித்து எழுத எனக்கு மனம் வராது. ஆனால், என் வாசலுக்கு வந்தவை எவை, வாசலைவிட்டுப் போனவை எவை என்று கணக்குப் பார்க்க வேண்டிய கடமை எனக்கு உண்டு.

பள்ளி முடிந்த மாலைகளில் தும்பையைத் தேடத் தொடங்கினேன். ஆலைகளின் முகப்புகளில் மழித்த புல்வெளியும் வண்ண இலைச் செடிகளும் இருந்தன. நெடுஞ்சாலையின் ஓரங்களைச் சிமெண்டு மூடியிருந்தது. யாரும் கட்டாமல் விட்ட மனைகளில் சீமைக்கருவேலமும் பார்த்தீனியமும் அடர்ந்திருந்தன. இரண்டும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து இந்நாட்டுக்கு வந்தவை. எங்கள் தெருவில் ஒரு தும்பையும் இல்லை. மூன்றாம் வாரத்தில் ஊத்துக்கோட்டை செல்லும் வழியில், நிலக்கடலை பிடுங்கிய கொல்லை ஒன்றின் ஓரத்தில் அதைக் கண்டேன். முழங்காலுக்குக் கீழான உயரத்தில், வெள்ளைப் பூக்களோடு நின்றிருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். தும்பை, அழிந்துவரும் அரிய செடி அன்று. தமிழ்நாட்டின் வரப்புகளிலும் தரிசுகளிலும் மழைக்குப் பின் இன்றும் முளைப்பதுதான். ஆயினும், பொதுவாக எங்கும் உள்ள ஒன்று, ஒரு குறிப்பிட்ட தெருவில் வாழும் குழந்தைக்கு இல்லாமலே போய்விடலாம். எங்கள் தெருவில் நிகழ்ந்தது அதுவே.

சிறுசெடியின் அமைப்பு

தும்பை, துளசியும் புதினாவும் கற்பூரவள்ளியும் அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது. தண்டைத் தொட்டுப் பார்த்தால் நான்கு பட்டைகளாக இருக்கும். இலைகள் எதிரெதிராக இணைந்து நிற்கும். ஓர் இணை கிழக்கு மேற்காக அமைந்தால் அதற்கு மேலுள்ள இணை தெற்கு வடக்காக அமையும். இலையைக் கசக்கினால் காரமான மணம் எழும். சளி பிடித்தால் இந்த இலையைக் கொதிநீரில் இட்டு ஆவி பிடிப்பது ஊர்வழக்கம்.

பூக்கள் தண்டைச் சுற்றி வட்டமாகக் கொத்தாய் மலரும். ஒவ்வொரு பூவுக்கும் இரண்டு உதடுகள். மேலுதடு மென்மயிர் அடர்ந்த சிறு முக்காடு; மகரந்தத் தாள்கள் நான்கும் அதனுள் ஒதுங்கியிருக்கும். கீழுதடு அகன்று விரிந்த வெள்ளைத் திண்ணை. தேன் நாடிவரும் தேனீ அத்திண்ணையில் அமர்ந்து தலையை உள்ளே நுழைக்கும்போது, மேலுள்ள மகரந்தம் அதன்மேல் படிகிறது. அடுத்த பூவில் அமரும்போது அது சூல்முடியைச் சேர்கிறது. பூ உதிர்ந்தபின், பச்சைக் குழல்போன்ற புல்லிவட்டத்தின் அடியில் நான்கு சிறுகனிகள் தங்குகின்றன. கடுகினும் மெலிந்த அவற்றையே நாம் விதை என்கிறோம்.

இதன் தாவரவியற் பெயர் லூக்கஸ் ஆஸ்பெரா. 'லூக்கஸ்' வெண்மையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடியாகப் பிறந்தது. 'ஆஸ்பெரா' என்பதற்குச் சொரசொரப்பானது என்று பொருள். லூக்கஸ் என்னும் பேரினத்துக்கு 1810இல் அப்பெயரை இட்டவர் இராபர்ட் பிரௌன். அறிவியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் பிரௌனியன் இயக்கத்துக்குப் பெயர் தந்தவரும் அவரே.

தும்பை ஓர் ஓராண்டுச் செடி. மழையில் முளைத்து, சில மாதங்கள் பூத்து, விதை உதிர்த்து, கோடையில் காய்ந்துவிடும். அடுத்த மழைக்கு அதே வேரிலிருந்து துளிர்க்காது. ஆண்டின் பெரும்பகுதியில் தும்பைக்குச் செடியுருவம் இல்லை. அது மண்ணில் விதையாக மட்டுமே இருக்கிறது. இந்த எளிய உண்மையை உணராததால்தான் என் முதல் முயற்சிகள் எல்லாம் வீணாயின.

தும்பை விட்டு வாலைப் பிடித்தேன்

கொல்லையோரத்தில் கண்ட செடிகளில் இரண்டை வேரோடு பிடுங்கி வந்து, செம்மண்ணும் தொழுஉரமும் கலந்த தொட்டியில் நட்டேன். நான்காம் நாள் இரண்டும் துவண்டு மடிந்தன. பின்பு முற்றிய கொத்துகளிலிருந்து விதை எடுத்தேன். கீரை விதைப்பதுபோல் மண்ணைக் கிளறி, விதைகளைத் தூவி, அரைவிரல் ஆழத்துக்கு மண்ணால் மூடினேன். காலையும் மாலையும் நீர் ஊற்றினேன். வெயில் படாமலிருக்கத் தொட்டியை முருங்கை நிழலில் வைத்தேன். அத்தனை விதைகளில் ஐந்து முளைத்தன. அவையும் ஒளியைத் தேடி நூலாய் நீண்டு, ஈரத்தில் அழுகிச் சாய்ந்தன.

எஞ்சிய விதைகளைக் கொல்லைப்புற மூலையில் வீசிவிட்டு மறந்துபோனேன். வியப்பு என்னவென்றால், புரட்டாசி மழைக்குப் பின் அங்கே எட்டுச் செடிகள் தலைகாட்டின. அவற்றை நாள்தோறும் பார்த்து மகிழ்ந்தேன். ஆயுதபூசை வந்தது. தொழில் நகரமாகிய எங்கள் ஊரில் அது பெருவிழா. ஆலையும் பட்டறையும் வீடும் துப்புரவாக வேண்டும். தோட்டத்தைச் சீர்செய்ய ஒருவரை அழைத்திருந்தேன். நான் பள்ளியிலிருந்து திரும்பியபோது மூலை மழித்தாற்போல் கிடந்தது. "களையெல்லாம் ஒன்று விடாமல் எடுத்துவிட்டேன், டீச்சரம்மா" என்றார் அவர். அவர்மேல் பிழையில்லை. நான் கேட்ட வேலையைச் செவ்வனே செய்திருந்தார். அதற்கான கூலியையும் நானே கொடுத்தேன்.

எங்களோடு வாழும் என் தாயார் அன்றுதான் இதில் வாய் திறந்தார்.

"தும்பையை யாராவது வளர்ப்பார்களா, அம்மா? அது தானாக வளரும். நீ அதற்கு இடம் விட்டால் போதும்."

"இடம்தான் இருக்கிறதே!"

"இது இடமா? அடியில் என்ன இருக்கிறது என்று தோண்டிப் பார்."

எங்கள் மனை, தாழ்வான வயலின்மேல் இரண்டடி உயரத்துக்குச் சவுடு மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி மேடாக்கப்பட்டது. தெருவின் எல்லா மனைகளும் அப்படியே. கொட்டிய மண் வேறெங்கோ ஆழத்தில் வெட்டி எடுத்தது. அதில் எந்தச் செடியின் விதையும் இல்லை. விதையிருந்த மேல்மண்ணோ இரண்டடிக்குக் கீழே புதைந்துவிட்டது. எங்கள் தெருவில் தும்பை இல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. நான் மண்ணை விட்டுவிட்டுச் செடியைத் துரத்தினேன். என் மாணவன் சொன்ன பழமொழி எனக்கே பொருந்தியது.

ஆறடிக்கு நான்கடி

2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் தாயாரும் நானும் அந்தக் கொல்லைக்குச் சென்றோம். நிலத்துக்குரிய பெரியவர், "களை விதை கேட்டு வந்தவர்கள் நீங்கள்தான்" என்று சிரித்துக்கொண்டே இசைவு தந்தார். தும்பைகள் காய்ந்து பழுப்பேறி நின்றன. தாயார் கொத்துகளைக் கையால் உருவித் தாள்பையில் சேர்த்தார். பின்பு கொட்டாங்குச்சியால் அச்செடிகளின் அடியிலிருந்த மண்ணை வழித்துக் கூடையில் இட்டார். நான் ஆழமாகத் தோண்ட முற்பட்டபோது தடுத்தார்.

"மேலாக வழி. விதை விழுந்தது மேலேதான்."

ஒரு விரற்கடை ஆழத்துக்கு மேல் நாங்கள் தொடவில்லை. இரண்டு கூடை மண் சேர்ந்தது.

வீட்டின் தென்கிழக்கு மூலையில் ஆறடிக்கு நான்கடி இடத்தை வரையறுத்தோம். முழங்கால் ஆழத்துக்குக் கொட்டுமண்ணை வெட்டியெடுத்தோம். செங்கற்சல்லி, உடைந்த ஓடு, சிமெண்டுக் கட்டி ஆகியவற்றை வாரியபின், அடியில் பழைய வயல்மண் கருமையாகத் தெரிந்தது. அதைக் கொத்திப் பொலபொலப்பாக்கி, கொண்டுவந்த மேல்மண்ணை அதன்மீது பரப்பினோம். எரு இடலாமா என்று கேட்டேன். "எரு போட்டால் அருகும் கோரையும் கொழுத்துத் தும்பையை அமுக்கிவிடும். மெலிந்த மண்தான் இதற்குத் தோது" என்றார் தாயார்.

ஆடி மாத இறுதியில் விதைகளை மண்ணின்மேல் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தினோம். மூடவில்லை, நீர் ஊற்றவில்லை. சுற்றிலும் செங்கல் அடுக்கி எல்லை வைத்தோம். என் மகள் ஒரு தகரப் பலகையில் 'தும்பை. பிடுங்க வேண்டா' என்று எழுதி நட்டாள். அதன்பின் எங்களுக்கு இருந்த வேலை காத்திருப்பது ஒன்றே. அது எளிய வேலை அன்று. குழாயைத் திறக்காமலும் மண்ணைக் கிளறாமலும் இருக்க என் கைகளைப் பழக்க வேண்டியிருந்தது.

ஆவணியின் இடிமழை இரண்டு முறை பெய்தது. பத்து நாளில் மண் பச்சை பூசியது. தும்பையோடு கீழாநெல்லியும் குப்பைமேனியும் முளைத்தன. நாங்கள் அவற்றை விதைக்கவில்லை. கூடை மண்ணோடு அவையும் வந்திருந்தன.

தும்மியும் தும்பையும்

விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய சனிக்கிழமையன்று மாணவர்கள் சிலர் வீட்டுக்கு வந்தனர். வினா எழுப்பிய மாணவியும் வந்திருந்தாள்; அப்போது அவள் மேல்நிலை இரண்டாம் ஆண்டில் இருந்தாள். செடிகள் ஒரு சாண் உயரமே வளர்ந்திருந்தன, பூக்கவில்லை. ஏமாற்றம் அடைவாளோ என்று எண்ணினேன். அவள் குனிந்து ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள்.

"டீச்சர், இது தும்மி! சதுர்த்திக்கு எங்கள் அவ்வா இதைப் பருப்போடு சேர்த்துக் கடைவார். ஊரிலிருந்து மாமா கீரையாகத்தான் கொண்டுவருவார். செடியாக இப்போதுதான் பார்க்கிறேன்."

எங்கள் வட்டாரத்தில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் பல உண்டு. தமிழில் தும்பை, மலையாளத்தில் தும்ப, கன்னடத்தில் தும்பெ, தெலுங்கில் தும்மி. நான் யாருக்குத் தும்பையைக் காட்ட ஓராண்டாக முயன்றேனோ, அவள் அதை ஆண்டுதோறும் உண்டு வளர்ந்தவள். அவள் வீட்டு உணவுக்கும் என் பாடத்துக்கும் இடையே இருந்த உறவை அதுவரை எங்கள் இருவருக்கும் சொல்ல ஒரு செடி இல்லை.

அன்று பேச்சு எங்கெங்கோ சென்றது. கேரளத்தில் ஓணப் பூக்களத்துக்குத் தும்பைப் பூ சிறந்தது என்றேன். 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட ஊர், திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா. அங்கே தும்பைச் செடி மிகுந்திருந்ததால் அப்பெயர் அமைந்தது என்பர். பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டுகளை எங்கள் ஊர் மொட்டைமாடிகளில் நின்று பார்த்து வளர்ந்தவர்கள் அம்மாணவர்கள். அந்த நெடும்பயணம் ஒரு களைச்செடியின் பெயர்கொண்ட மீனவ ஊரில் தொடங்கியது என்றதும், அவர்கள் அச்செடியை மறுமுறை உற்று நோக்கினார்கள்.

கார்த்திகை தொடங்கியதும் பூக்கள் மலர்ந்தன. நீலப்பட்டைத் தேனீக்களும் சிறு வண்ணத்துப்பூச்சிகளும் வந்தன. ஒரு கொத்தைக் கிள்ளி வகுப்புக்குக் கொண்டுசென்று கொடுத்தேன். அது கைமாறிச் சென்றது. விரல்நகத்தில் அடங்கும் அப்பூவைப் பார்த்த மாணவன் ஒருவன், "இதையா போருக்குச் சூடினார்கள்? ஒரு மாலைக்கே ஆயிரம் பூ வேண்டுமே!" என்றான்.

அவன் சொன்னதை நான் அன்றுவரை எண்ணிப் பார்த்ததில்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் எண்ணிச் சொல்லும் 99 மலர்களுள் தும்பையும் ஒன்று. ஒரு திணைக்கே பெயராகும் தகுதி அதற்குக் கிடைத்திருக்கிறது. ஒரு படைக்கே சூட்டுமளவு தும்பை பூத்துக்கிடந்த நிலத்தில்தான் அந்தப் பெயர் வழங்கியிருக்க முடியும். நாம் மனப்பாடம் செய்யும் சொல்லுக்குப் பின்னே பூவால் வெளுத்த வெளிகள் இருந்தன. சொல் நம்மிடம் வந்து சேர்ந்துவிட்டது. வெளியின் அளவோ என் வீட்டில் ஆறடிக்கு நான்கடி.

புயலும் விதையும்

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலின் மழை சென்னையையும் திருவள்ளூர் மாவட்டத்தையும் மூழ்கடித்தது. எங்கள் தெருவில் தண்ணீர் முழங்காலளவு நின்றது. நாங்கள் வெட்டிய பாத்தி தோட்டத்திலேயே தாழ்வான இடம். அங்கே முதலில் புகுந்த நீர் கடைசியாகத்தான் வடிந்தது. ஆறாம் நாள் பார்த்தபோது, பூத்து நின்ற செடிகள் கறுத்து அழுகிச் சேற்றில் படிந்திருந்தன. ஓராண்டின் உழைப்பு போயிற்று என்று நானும் மகளும் வருந்தினோம். தாயார் சேற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். "செடிதான் செத்தது. முதலில் பூத்த கொத்துகள் விதையை உதிர்த்துவிட்டன" என்றார்.

மண்ணில் விதை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும்? அமெரிக்காவின் மிச்சிகனில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்னும் தாவரவியலாளர், 1879இல் களைச்செடிகளின் விதைகளை மணலோடு 20 புட்டிகளில் இட்டுப் புதைத்துவைத்தார். குறித்த இடைவெளிகளில் ஒவ்வொரு புட்டியாகத் தோண்டியெடுத்து விதைத்துப் பார்க்கும் ஆய்வு, அவர் மறைந்தபின்னும் தொடர்கிறது. 2021இல் எடுத்த புட்டியிலும் சில விதைகள் முளைத்தன. 142 ஆண்டுகளை நெருங்கிய உறக்கம் அது. எல்லா விதைகளுக்கும் அத்தனை ஆயுள் இல்லை. ஆனால் ஓராண்டுச் செடிகள் பலவும் இவ்வாறே வறட்சியையும் வெள்ளத்தையும் மண்ணுக்குள் கடக்கின்றன. நல்ல ஆண்டில் விழுந்த விதைகளில் ஒரு பகுதி உடனே முளைக்காமல் பின்னாளுக்குக் காத்திருக்கும். அறிவியலார் இதனை மண்ணின் விதை வங்கி என்பர். அவ்வங்கி இருப்பது மேல்மண்ணின் சில விரற்கடைகளில். அதை வழித்தெடுத்தாலோ, வேற்று மண்ணால் மூடினாலோ, அங்கே வாழ்ந்த செடிகளின் பல்லாண்டுச் சேமிப்பு ஒரே நாளில் போய்விடும்.

2024 ஆவணியில் நாங்கள் ஒரு விதையும் தூவவில்லை. மழைக்குப் பின் பாத்தி நிறைய முளைத்தது. செங்கல் எல்லையைக் கடந்து, துணி துவைக்கும் கல்லின் இடுக்கிலும் ஒன்று நின்றது. என் மகள் எண்ணத் தொடங்கி, நூற்று முப்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மண்ணைச் சுமந்த நாள்

2025 கோடையில் எங்கள் வீட்டில் வேறொரு கணக்குப் பார்க்க வேண்டி வந்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. ஆலைகளில் வேலை தேடி வெளியூர்களிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் வருவோர்க்கு வாடகை அறைகள் தேவைப்படுவதால், எங்கள் தெருவில் இடமிருந்த வீடுகள் எல்லாம் அறை கட்டியிருந்தன. நாங்களும் இரண்டு அறைகள் கட்ட முடிவு செய்தோம். அதற்கு ஏற்ற இடம் தென்கிழக்கு மூலை ஒன்றே. என் கணவர் தயங்கித் தயங்கிப் பலகையைப் பார்த்தார். "வேறு வழி இருந்தால் சொல்" என்றார். இரண்டு நாள் எண்ணிப் பார்த்தேன். வேறு வழி இல்லை.

கடைக்கால் தோண்டுவதற்கு முந்தைய ஞாயிறு, பதினொரு மாணவர்கள் வந்தார்கள். தாயார் திண்ணையில் அமர்ந்து வழிநடத்தினார். "மேலாக வழியுங்கள், பிள்ளைகளே. அடிமண் வேண்டா." கொட்டாங்குச்சிகளும் சிறு தட்டுகளும் கொண்டு இரண்டு விரற்கடை ஆழத்துக்கு மண்ணை வழித்து, ஐந்து கோணிப்பைகளில் நிரப்பினோம். மிதிவண்டிகளிலும் ஒரு தள்ளுவண்டியிலும் அவை பள்ளிக்குச் சென்றன. பள்ளியின் தெற்கு மதிலோரத்தில், நாள்முழுதும் வெயில் விழும் ஒரு நீண்ட கீற்றைத் தலைமையாசிரியர் ஒதுக்கித் தந்திருந்தார். அங்கே மண்ணைப் பரப்பி, தகரப் பலகையையும் நட்டோம்.

அறைகள் கட்டப்பட்டன. இப்போது அவற்றில் நான்கு இளைஞர்கள் தங்கியிருக்கிறார்கள். வாடகை மாதம் தவறாமல் வருகிறது, மகள் படிக்கிறாள். தும்பை இருந்த இடத்தில் சிமெண்டுத் தளம். அந்த இழப்பை நான் மறைக்கவில்லை. அதற்காக யாரையும் குறை சொல்லவும் இல்லை. எல்லா மண்ணையும் காத்துவிட எங்களால் இயலவில்லை. சுமக்க முடிந்ததைச் சுமந்தோம்.

அவ்வாண்டு மழைக்குப் பின் மதிலோரத்தில் முதல் இணையிலைகளைக் கண்டவர்கள், புதிதாகச் சேர்ந்த மாணவர்கள். இப்போது துப்புரவுப் பணி நடக்கும் நாளில் அந்தக் கீற்றின் அருகே இருவர் காவல் நிற்கிறார்கள். புறத்திணையைக் கற்பிக்கும் நாளில் நான் கரும்பலகைக்கு முன் நிற்பதில்லை. வகுப்பை மதிலோரத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

சென்ற தை மாதத்தில் அந்த முன்னாள் மாணவி பள்ளிக்கு வந்திருந்தாள். செவிலியர் படிப்பில் இருக்கிறாள். அவ்வாவுக்கு ஊரிலிருந்து கீரை வருவது நின்றுவிட்டதாம். வீட்டு வாசலில் வளர்க்கத் தும்பை விதை வேண்டும் என்றாள். காய்ந்த கொத்துகளை உருவித் தாளில் மடித்துக் கொடுத்தேன். அவள் புறப்பட்டபோது என் தாயார் சொன்னது நினைவுக்கு வந்தது. கொட்டாங்குச்சியை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

"விதை மட்டும் போதாது, அம்மா. ஒரு பிடி மேல்மண்ணும் வழித்துக்கொண்டு போ."